சின்னக் குழந்தைகளோடு குடியேற எந்தப் பகுதி? முடிவெடுக்க உதவுங்கள்

இரண்டு வாண்டுகளின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவளுக்கு நாலு வயது முடியப்போகிறது. சின்னவனுக்குப் பத்து மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டான். இப்போது இருக்கும் வீட்டுக்கு உரிமையாளரின் மகன் குடிவருவதால் நாங்கள் காலி செய்தாக வேண்டும். மாறுவதுதான் மாறுகிறோம், சின்னவன் ஓரளவு வளரும்வரையாவது மறுபடி பெட்டி கட்டாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றும் இதே நகரத்தில்தான்.

முதலாவது, என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆறுவழிச் சாலையை ஒட்டிய அடுக்குமாடி. ஒன்பதாவது மாடி. கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. நடந்தே வேலைக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, பழைய பகுதி. குறுகலான தெரு, தரைத்தளத்தில் சின்ன வீடு. முன்கதவைத் திறந்தால் ஒரு படி, அதற்கடுத்து தெருதான். ஒரு சுவரில் ஈரம் தெரிகிறது. அலுவலகத்துக்கு ஒரே பேருந்து, அரைமணி நேரம்.

மூன்றாவது, நகரத்தின் விளிம்பில் சுற்றுச்சுவருக்குள் கட்டிய புதுக் குடியிருப்பு. வீடு பெரிது. உள்ளேயே விளையாட்டுத் திடல், நீச்சல்குளம் எல்லாம் உண்டு. பெயர்பெற்ற பள்ளி ஒன்று பக்கத்தில். ஆனால் எங்கள் இருவருக்கும் வேலைக்குப் போக ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கணவருக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. நான் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதால் அம்மா முதலாவதைச் சொல்கிறார். எனக்கு இரண்டாவது மேல்தான் ஒரு கண். ஏன் என்று கேட்டால் வீட்டில் விளக்கிச் சொல்ல முடியவில்லை. வீடு பார்க்கப் போனபோது மூத்தவள் என் கையை உதறிவிட்டு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியிடம் போய் நின்றாள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல், கையிலிருந்த சாக்குக்கட்டியை இரண்டாக உடைத்து ஒரு துண்டை நீட்டியது. நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இரண்டும் மண்டிபோட்டுத் தெருவில் ஏதோ வரைந்துகொண்டிருந்தன. வண்டி ஒன்று வந்தது. ஓட்டியவர் தானே நிறுத்தி, பிள்ளைகள் எழுந்து நகரும்வரை காத்திருந்து போனார்.

இதை வைத்து மட்டும் ஒரு முடிவு எடுக்கலாமா? குழந்தை வளர்க்க ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் எதைப் பார்த்தீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பா:

பள்ளிக்கூடம்தான் முதல், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நல்ல பள்ளி பக்கத்தில் இருந்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் நிம்மதி. மூன்றாவதை எடுங்கள். பயணத்துக்குப் பழகிவிடுவீர்கள்.

காப்பகத்து அக்கா:

தங்கச்சி, நான் மழலையர் காப்பகத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வீடு மாறி வந்த குழந்தைகளையும், வீடு மாறிப் போன குழந்தைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் ஒரு பகுதியைப் பார்ப்பது வரைபடத்தை வைத்து. கடை எத்தனை நிமிடம், பள்ளி எத்தனை கிலோமீட்டர், ரயில் எங்கே என்று. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வரைபடமே கிடையாது. அவளுக்கு இருப்பது வீட்டு வாசல், அடுத்த வீடு, தெருமுனை, அங்கே படுத்திருக்கும் நாய், ஏறி நடக்க ஒரு திண்டு. இருநூறு மீட்டர் நடக்க அவளுக்குக் கால்மணி நேரமாகும், ஏனென்றால் வழியிலிருக்கும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அந்த இருநூறு மீட்டர்தான் இன்னும் நாலைந்து வருடத்துக்கு அவளுக்கு நகரம். நீங்கள் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை ‘அர்பன்95’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். நகரத்தை அந்த உயரத்திலிருந்து பாருங்கள் என்று அவர்கள் மேயர்களிடமே கேட்டார்கள். நீங்களும் செய்து பாருங்கள். மூன்று வீட்டு வாசலிலும் முட்டி போட்டு உட்காருங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. முகத்துக்கு நேரே என்ன வருகிறது? வண்டியின் புகைக்குழாயா, குப்பைத்தொட்டியா, பூச்செடியா? தெருவைக் கடக்கும் இடத்தில் நிறுத்திவைத்த கார்களுக்கு மேலே உங்களுக்கு வண்டி வருவது தெரியும். அவளுக்குக் கார் கதவு மட்டும்தான் தெரியும்.

சின்னவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஒரு சுற்று வாருங்கள். எத்தனை இடத்தில் வண்டியைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கையில் வண்டி, மறு கையில் பிள்ளை என்றிருக்கும்போது நடைபாதை நடுவில் ஒரு கம்பம் இருந்தால், நீங்கள் தினமும் சாலையில் இறங்க வேண்டிவரும். கொஞ்ச நாளில் வெளியே போவதையே குறைத்துவிடுவீர்கள். எத்தனையோ தாய்மார்கள் அப்படி வீட்டுக்குள் அடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பூங்கா இருந்தது, ஆனால் அங்கே போகும் வழி அவர்களைக் களைப்பாக்கியது.

பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிதாக, அழகாக, தூரத்தில் இருக்கும் பூங்காவுக்கு மாதம் ஒருமுறை போவோம். சின்னதாக, கிட்டத்தில் இருப்பதற்குத் தினமும் போவோம். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். பல இடங்களில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே சும்மா கிடந்த துண்டு நிலம்தான். ஒரு மணல்தொட்டி, ஏறிக் குதிக்கக் கம்பிகள், தாண்ட வட்டக் கற்கள், உட்கார ஒரு பெஞ்சு, நிழலுக்கு மரம். அவ்வளவுதான். என் அனுபவத்தில் குழந்தைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. நீங்கள் பார்க்கும் இடத்தில் நிழல் இருக்கிறதா, மணலில் உடைந்த கண்ணாடி கிடக்கிறதா, பெரியவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உட்கார இடமில்லாத பூங்காவில் அம்மா அப்பா பத்து நிமிடத்தில் ‘போகலாம் வா’ என்று சொல்லிவிடுவார்கள்.

முக்கியமாக, வீட்டுத் தரகர் கூட்டிப்போகும் நேரத்தில் போகாதீர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நீங்களாகப் போய் நில்லுங்கள். வெளியே பிள்ளைகள் இருக்கிறார்களா, என்ன வயதுப் பிள்ளைகள், அவர்களோடு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் தனியாக வெளியே நின்று விளையாடினால் அந்தத் தெருவை அங்கிருக்கும் பெற்றோர் நம்புகிறார்கள் என்று அர்த்தம். எந்த விளம்பரமும் இதை உங்களுக்குச் சொல்லாது. உங்களுக்கு இரண்டாவது இடத்தின்மேல் ஏன் கண் என்று கேட்டீர்களே, அந்த ஓட்டுநர் காத்திருந்ததைச் சொன்னீர்களே, அதுதான் காரணம். அதை வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

சாலைப் பொறியாளர்:

அக்கா சொன்னதை என் தொழில் பக்கமிருந்து கொஞ்சம் அளந்து காட்டுகிறேன். நான் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்கிறேன், எனக்கும் ஐந்து வயதில் ஒரு மகள்.

1960களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்திருந்த மூன்று தெருக்களை ஆராய்ந்தார். வீடுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வேறுபாடு வண்டிகளில்தான். ஒரு தெருவில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டி, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9தான். ‘உங்கள் வீடு எதுவரை?’ என்று கேட்டு வரையச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வட்டம் போட்டார்கள். கடைசித் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதை நீங்களே அளக்கலாம். காலை நெரிசல் நேரத்தில் தெருமுனையில் நின்று கால்மணி நேரம் போகும் வண்டிகளை எண்ணுங்கள். நாலால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. நெரிசல் மணியில் போவது ஒரு நாளின் மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று நாங்கள் தோராயமாக வைத்துக்கொள்வோம், ஆகவே அதைப் பத்தால் பெருக்குங்கள். 50 வண்டி எண்ணினால் நாளுக்கு 2,000. குழந்தை வளர்க்க நான் தேடுவது அதற்குக் கீழே உள்ள தெருவை.

எண்ணிக்கையைப் போலவே வேகமும் முக்கியம். பிரிட்டனின் சாலைவிதிப் புத்தகக் கணக்குப்படி மணிக்கு 20 மைல் (சுமார் 32 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் பார்த்துச் சுதாரித்து நிறுத்த 12 மீட்டர் ஆகும். 30 மைல் வேகத்தில் 23 மீட்டர். அதாவது பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை தெருவுக்கு வந்தால், முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டில், நடப்போரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்சம் என்று அறிக்கை வந்தது. பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. தெரு குறுகலாக, வளைந்து, ஓரத்தில் மரமோ வண்டியோ நின்றால்தான் ஓட்டுபவரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். உங்கள் இரண்டாவது தெரு குறுகல் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நிறை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போதெல்லாம் வழிகாட்டிச் செயலிகள் நெரிசல் நேரத்தில் குறுக்குத் தெருக்களுக்குள் வண்டிகளைத் திருப்பிவிடுகின்றன. இரண்டாவது பகுதிக்கு இந்தப் பக்கம் ஓர் இடம், அந்தப் பக்கம் ஓர் இடம் கொடுத்து, காலை, மாலை இரண்டு வேளையும் செயலியில் வழி கேட்டுப் பாருங்கள். அந்தத் தெரு வழியாகக் காட்டினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம்தான் முதல் என்ற நண்பருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதமாகிவிட்டது. எவ்வளவு நல்ல பள்ளி என்பதோடு, உங்கள் பிள்ளை ஒருநாள் அங்கே தன் காலால் போய்ச் சேர முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்ஹேலர் பையோடு திரிபவள்:

என் மகனுக்கு வீசிங் உண்டு. அதனால் காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஆனால் அழுத்திச் சொல்கிறேன்: முதலாவது வீட்டை எடுப்பதற்கு முன் பத்துமுறை யோசியுங்கள்.

போக்குவரத்துப் புகை பெரிய சாலையிலிருந்து விலக விலகக் குறையும். அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரையிலான பட்டைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது என்கிறது. ஒன்பதாவது மாடி என்பதால் வீட்டுக்குள் ஓரளவு குறையலாம். ஆனால் காப்பகம் கீழ்த்தளத்தில். பெரிய சாலையை ஒட்டியே. பகல் முழுவதும் உங்கள் சின்னவன் மூச்சு விடப்போவது அங்கேதான். பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015இல் வந்தது. போக்குவரத்துப் புகை அதிகமுள்ள பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் செயல்நினைவு ஒரு வருடத்தில் 7.4 சதவீதம் வளர்ந்தது, குறைவான பள்ளிகளில் 11.5 சதவீதம். ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனைத்தான் செயல்நினைவு என்கிறார்கள், கணக்குப் போடவும் வாசிக்கவும் வேண்டியது அது. இதைப் படித்த பிறகு நாங்கள் பெரிய சாலைப் பக்கம் வீடே பார்க்கவில்லை.

சத்தமும் அப்படித்தான். பகலில் போய்ப் பார்த்தால் தெரியாது. இரவு தூங்கும் நேரத்தில் படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். லாரிகள் இரவில்தான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டுதல் 2018இல் இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது.

அதற்காக இரண்டாவது வீடு சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஈரச்சுவர் இருந்தால் பூஞ்சை வரும், பூஞ்சை வந்தால் இருமல் வரும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மேலே பூசி மறைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அப்புறம் பழைய வீடு என்றால் பழைய பெயிண்ட். அதில் ஈயம் இருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னல் விளிம்பில் உரிந்து விழும் செதிலைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கும் வயதில் இருக்கிறான் உங்கள் மகன். உரிந்த இடத்தைப் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும்.

விளிம்பில் வசிப்பவன்:

மூன்றாவது இடத்துக்காக யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன். அப்படிப்பட்ட சுற்றுச்சுவர்க் குடியிருப்பில்தான் நாங்கள் இருக்கிறோம். என் பெண்கள் இருவரும் அங்கேதான் சைக்கிள் கற்றார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு வெளியே ஓடினால் இருட்டும்வரை நாங்கள் தேட வேண்டியதில்லை. ஒன்று முதல் நாலு வயது வரை நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எங்கள் வீட்டில் அதை யாரும் கணக்குப் பார்த்ததே இல்லை, தானாக நடந்தது. வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளிவகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு இது ஒத்துவந்ததற்குக் காரணம், என் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். உங்கள் வீட்டில் இருவருமே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்கிறீர்கள். காப்பகத்திலிருந்து ‘காய்ச்சல் அடிக்கிறது, வாருங்கள்’ என்று அழைப்பு வந்தால் யார், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள்? இதை இருவரும் உட்கார்ந்து நிஜமாகப் பேசுங்கள். இன்னொன்று, சுவருக்குள் நன்றாக இருக்கிறது, ஆனால் வாசலைத் தாண்டினால் நடைபாதை கிடையாது. என் மூத்தவளுக்கு இப்போது பன்னிரண்டு. நூலகம், தோழி வீடு, பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டுநர். நாலு வயதில் பெரிதாக இருந்த இடம் பன்னிரண்டில் அவளுக்குச் சின்னதாகிவிட்டது.

பொதுவாக ஒரு விஷயம். எதை எடுத்தாலும் இப்போதே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 1990களில் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளிலிருந்து வேறு பகுதிக்கு மாறக் குலுக்கல் முறையில் உதவித்தொகை கொடுத்தார்கள். பின்னாளில் ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். 13 வயதுக்குள் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் சூழ்நிலை வேறுதான். ஆனாலும் சின்ன வயதில் வேர்விடுவதும், வளர்ந்தபின் பிடுங்கி நடாமல் இருப்பதும் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அதிலிருந்துதான்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். ‘காய்ச்சல் வந்தால் யார் போவது’ என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. மூன்றாவது இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தது அவர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலாவது காற்றால் போனது. கீழே காப்பகத்து ஜன்னல் விளிம்பை அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார், கரி ஒட்டியது. அன்று காலைதான் துடைத்தார்களாம்.

இரண்டாவது தெருவில் காலை நெரிசலில் எண்ணினோம். கால்மணியில் 31 வண்டி, பாதிக்கு மேல் இருசக்கரம். செயலி அந்த வழியைக் காட்டவில்லை, ஏனென்றால் தெருவின் மறுமுனை படிக்கட்டில் முடிகிறது. சாயங்காலம் போனபோது அந்தப் படிக்கட்டில் ஆறேழு பிள்ளைகள். அக்கா சொன்னபடி நான் முட்டி போட்டேன், மூத்தவளும் கூடவே போட்டாள். நடைபாதை என்று ஒன்று இல்லை, ஆனால் தள்ளுவண்டியைத் தெரு நடுவிலேயே தள்ளிக்கொண்டு போக முடிகிறது, யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பள்ளி பற்றியும் பார்த்தோம். பெயர்பெற்றதெல்லாம் இல்லை, சாதாரணப் பள்ளி. ஏழு நிமிட நடை. இடைவேளை நேரத்தில் போய் நின்றோம். விழுந்த ஒரு பையனை ஆசிரியை உடனே தூக்காமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என்னவோ பேசினார், அவன் தானே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஓடினான். எனக்கு அது போதும்.

ஒரே ஒரு சிக்கல். பூங்காவுக்கும் பள்ளிக்கும் போக ஒரு நடுத்தரச் சாலையைக் கடக்க வேண்டும். கோடு போட்டிருக்கிறார்கள், ஆனால் வண்டிகள் நிற்பதில்லை. ஈரச்சுவருக்குக் காரணம் மேல்வீட்டுக் குழாய்க் கசிவு, அதைச் சரிசெய்து தர உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஜன்னல் பெயிண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பா:

பள்ளியை இடைவேளையில் போய்ப் பார்த்தது நல்ல யோசனை. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. நான் இன்னும் மூன்றாவதைத்தான் எடுத்திருப்பேன், ஆனால் நீங்கள் சரியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறீர்கள்.

சாலைப் பொறியாளர்:

31 என்றால் நாளுக்கு 1,200 சொச்சம். அருமையான தெரு.

கடக்கும் இடம் பற்றி: வெறும் கோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். கடக்கும் பாதையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், அப்போது அதுவே வேகத்தடை ஆகிவிடும். முனையில் வண்டி நிறுத்துவதைத் தடுத்தால் பிள்ளைகளின் தலை ஓட்டுநருக்குத் தெரியும். இந்த இரண்டையும் பள்ளியின் பெயரில் எழுதிக் கேளுங்கள், தனியாளாகக் கேட்பதைவிட எடுபடும். நெதர்லாந்தில் 1970களில் சாலைகளில் பிள்ளைகள் இறந்ததைக் கண்டு பெற்றோரே தெருவில் இறங்கிப் போராடினார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் ஆரம்பித்த மெதுவேகத் தெருக்களுக்கு 1976இல் சட்ட அங்கீகாரமே கிடைத்தது. நீங்கள் கேட்கும் கடக்கும் பாதை கட்டப்படும்வரை காலையில் மற்ற பெற்றோரோடு சேர்ந்து கூட்டமாகக் கடந்து போங்கள். பத்துப் பேர் சேர்ந்து இறங்கினால் வண்டி நிற்கும்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உள் ஜன்னல்களில் ஒன்றுமில்லை, முன்கதவில் மட்டும் ஈயம் இருக்கிறது. கதவையே மாற்றித் தருவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் குடிபோகிறோம்.

காப்பகத்து அக்கா:

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. கதவை மாற்றுவது நீங்கள் குடிவருவதற்கு முன்பே நடக்கட்டும். பழைய கதவைக் கழற்றும்போது தூள் கொட்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காதீர்கள், பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

புதுக் கதவில் உங்கள் தலை உயரத்துக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லுங்கள். வாசல் நேரே தெருவில் திறக்கிறது, சின்னவன் இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் நடப்பான், கீழ்த்தாழ்ப்பாள் அவனுக்கு ரொம்ப நாள் தாங்காது. அதோடு வாசலில் மடக்கும் தடுப்பு ஒன்றும் வாங்கி வையுங்கள். இரண்டையும் சாமான் இறக்கும் நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். அன்றைக்குத்தான் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கும், ஆளாளுக்குப் பெட்டி தூக்குவதில் யார் பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவருக்குப் பெட்டி தூக்கும் வேலையே கொடுக்காமல், சின்னவனை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.